புதிய கிளாரினெட் ரீடுகளைச் சோதித்து ஒப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாரினெட்டின் வாய்ப்பகுதியான மவுத்பீஸில் பொருத்தி, மூச்சால் அதிரவைத்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் துண்டுதான் ரீடு. பெட்டியைப் பிரித்த கையோடு பத்து ரீடுகளையும் வரிசையாக ஊதிப் பார்த்து, அரை மணி நேரத்தில் "இது தேறும், இது தேறாது" என்று பிரித்துவிடுவதுதான் ரீடு தேர்வில் நடக்கும் பெரிய தவறு. புதிய ரீடு முதல் நாள் ஒரு மாதிரியும் ஐந்தாம் நாள் வேறு மாதிரியும் இருக்கும். அந்த மாற்றம் அடங்குவதற்குள் சொல்லும் தீர்ப்பு பாதி நேரம் பொய்த்துப்போகும். கீழே உள்ள பதில்கள் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கான பிரெஞ்சு வகை ரீடுகளை வைத்து எழுதப்பட்டவை. இ ஃபிளாட், பாஸ் கிளாரினெட் ரீடுகளுக்கும் முறை இதேதான். அளவுகள் மட்டும் மாறும்.

ஒரே பெட்டி, ஒரே எண். அப்படியிருந்தும் பத்து ரீடும் பத்து விதமாக ஊதுவது ஏன்?

ரீடு ஒரு தாவரத் துண்டு. அருண்டோ டோனாக்ஸ் என்ற நாணலின் தண்டை வெட்டி, காயவைத்து, பிளந்து, இயந்திரத்தில் சீவி எடுப்பது. தெற்கு பிரான்சின் வார் பகுதி இந்த நாணலுக்குப் பேர்போனது. ஒரே தண்டிலேயே மேல்கணுவின் நார் நெருக்கம் ஒன்று, கீழ்க்கணுவின் நெருக்கம் இன்னொன்று. இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே வடிவத்தில் சீவிவிடுகிறது. ஆனால் நாரின் விறைப்பு அதன் கையில் இல்லை.

சீவி முடித்தபின் ஒவ்வொரு ரீடையும் வளைத்துப் பார்த்து, எவ்வளவு எதிர்க்கிறது என்பதை வைத்து எண் போடுகிறார்கள். அந்த அளவீடு மொத்த விறைப்பைச் சொல்லும். இடது பக்கமும் வலது பக்கமும் சமமாக விறைத்திருக்கின்றனவா, நுனி எவ்வளவு சட்டென்று அதிரும் என்பதைச் சொல்லாது. நாம் வாயில் உணரும் வேறுபாடு பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

எண் 3 ரீடு எண் 2.5 ரீடைவிடத் தடிமனானதா?

இல்லை. ஒரே வகைக்குள் எல்லா எண்களும் ஒரே அளவில் சீவப்பட்டவை; நாணலின் விறைப்பு மட்டுமே வேறு. தடிமன் மாறுவது வகைக்கு வகை. வாண்டோரனின் ட்ரடிஷனல் ரீடு நுனியில் 0.09 மி.மீ., அடியில் 2.8 மி.மீ. அதே நிறுவனத்தின் வி12 நுனியில் 0.10, அடியில் 3.15. 56 ரு லெபிக் நுனியில் 0.11, அடியில் 3.25.

ஆகவே ஒரு வகையின் 3-ஐயும் இன்னொரு வகையின் 3-ஐயும் ஒரே கனமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறுவனம் மாறினால் இடைவெளி இன்னும் கூடும். ஆரஞ்சு பெட்டி ரிக்கோ 3 ஊதியவர் வாண்டோரன் ட்ரடிஷனல் 3-க்கு மாறினால் "கடினமாக இருக்கிறதே" என்பார். அது சரியான கவனிப்புதான். வகை மாற்றும்போது அரை எண் குறைத்துத் தொடங்குவது பாதுகாப்பு.

என் மவுத்பீஸுக்கு எந்த எண் பொருந்தும்?

ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையிலுள்ள திறப்பைப் பாருங்கள். திறப்பு அகலமாக இருந்தால் ரீடு அதிக தூரம் வளைந்து மூட வேண்டும். அதற்கு மென்மையான ரீடு ஏற்றது. குறுகலாக இருந்தால் கொஞ்சம் விறைப்பான ரீடு வேண்டும், இல்லாவிட்டால் வேகமாக ஊதும்போது திறப்பு மூடிக்கொண்டு ஒலி அடைபடும். யமஹா 4சி மவுத்பீஸின் திறப்பு 1.05 மி.மீ.; வாண்டோரன் பி45-இன் திறப்பு 1.195 மி.மீ. எண்ணளவில் சிறு வேறுபாடு, ஆனால் ஒரே ரீடு இந்த இரண்டிலும் இரண்டு வெவ்வேறு ரீடுகள் போல நடந்துகொள்ளும். திறப்போடு, ரீடை விட்டு மவுத்பீஸ் விலகத் தொடங்கும் வளைவின் நீளமும் கணக்கில் வரும்: வளைவு நீளமாக இருந்தால் சற்று விறைப்பான ரீடையும் அது தாங்கும்.

புதிய மவுத்பீஸும் புதிய ரீடு வகையும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தால், முதலில் பழைய ரீடைக் கொண்டு மவுத்பீஸைப் பழகுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊதுவதற்கு முன்பே கண்ணால் பார்த்துக் கழிக்க முடியுமா?

மோசமானதைச் சந்தேகிக்கலாம்; நல்லதைக் கண்டுபிடிக்க முடியாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், சீவிய பகுதியின் நடுவில் கருமையான மேடு தலைகீழ் 'யு' போலவோ 'வி' போலவோ தெரியும். அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பக்கச் சமநிலையில் கோளாறு இருக்க வாய்ப்புண்டு. நார்கள் நுனிவரை நேராக ஓட வேண்டும். பட்டை பொன்மஞ்சளாக இருப்பது நல்லது, பழுப்புப் புள்ளிகளால் குற்றமில்லை; பச்சை தட்டினால் நாணல் முதிரவில்லை. நுனியில் சிறு சேதம் இருந்தால் அதை அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

இவ்வளவுதான் கண்ணுக்கு வேலை. அழகில்லாத ரீடு அருமையாக ஊதுவதும் உண்டு. நுனி சேதமில்லாத எதையும் ஊதிப் பார்க்காமல் எறியாதீர்கள்.

நனைப்பது எச்சிலிலா, தண்ணீரிலா? எவ்வளவு நேரம்?

சோதனை நாட்களில் சுத்தமான தண்ணீர் நல்லது. ஏனென்றால் எல்லா ரீடுகளுக்கும் ஒரே அளவு ஈரம் கொடுக்கலாம். சிறு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, ரீடை ஒன்று முதல் இரண்டு நிமிடம் படுக்கப் போடுங்கள். எடுத்து விரலால் துடைத்து, மேலும் ஒரு நிமிடம் விட்டு ஊதுங்கள். பத்து நிமிடம் ஊறப்போட்ட ரீடு தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். ஒலி மந்தமாகி, "இது கடினமான ரீடு" என்ற தவறான எண்ணம் வரும்.

நனைத்தவுடன் நுனி அலை அலையாக நெளிவது இயல்பு. எல்லா இடத்திலும் ஒரே சீராக ஈரம் ஏறாததால் வருவது. மவுத்பீஸின் தட்டைப் பரப்பில் நுனியை வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் ஒரு நிமிடத்தில் நேராகும். நெளிந்த நுனியோடு ஊதிச் சோதிக்காதீர்கள். காற்றுக் கசிவைத்தான் கேட்பீர்கள்.

முதல் வாரம் எப்படிப் பழக்க வேண்டும்?

முதல் நாள் ஒவ்வொரு ரீடும் இரண்டு முதல் ஐந்து நிமிடம், நடுத்தர ஒலியில், ஷாலுமோ எனப்படும் கீழ் எல்லையில் மட்டும். உயர் சுரங்களும் பலத்த ஊதலும் வேண்டாம். முடித்ததும் துடைத்து, தட்டையான கண்ணாடி மேல் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து உலர விடுங்கள். இரண்டாம் நாள் ஐந்து நிமிடம். மூன்றாம் நாள் பத்து நிமிடம், இப்போது கிளாரியன் எனப்படும் நடு எல்லைக்கும் போகலாம். நான்காம், ஐந்தாம் நாளில்தான் உண்மையான சோதனை.

இடையில் என்ன நடக்கிறது? நாணலின் நார்களுக்கிடையே உள்ள குழல்கள் ஈரமாகி, உப்பி, உலர்ந்து, மீண்டும் ஈரமாகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் தட்டைப் பக்கம் கொஞ்சம் வளையும், பிறகு நிலைப்படும். முதல் நாளில் விறைத்து நின்ற ரீடு நான்காம் நாள் இளகி, பெட்டியிலேயே சிறந்ததாக மாறலாம். முதல் நாளில் தேனாய் ஊதிய ரீடு மூன்றாம் நாளில் தொய்ந்து போகலாம். இந்தப் பின்னது அடிக்கடி நடக்கும். அதனால் முதல் நாளிலேயே மிகச் சுலபமாக ஊதும் ரீடைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள்.

அடிப்பக்கத்துப் பட்டையில் பென்சிலால் ஒரு எண்ணும் தொடங்கிய தேதியும் எழுதிவையுங்கள். எண் இல்லாத ரீடைப் பற்றி எழுதும் குறிப்பால் எந்தப் பயனும் இல்லை.

பொருத்துவதில் சிறு வேறுபாடு வந்தால் ஒப்பீடு கெடுமா?

கெடும். ரீடின் நுனி மவுத்பீஸின் நுனியைவிட மயிரிழை மேலே நின்றால் விறைப்பாக உணர்வீர்கள். மயிரிழை கீழே நின்றால் மென்மையாக, ஒலி சற்று மெலிந்து வரும். ரீடை விரலால் அழுத்தி மூடும்போது, மேலே மவுத்பீஸின் கறுப்பு விளிம்பு தலைமயிர் அளவு தெரிய வேண்டும். இரண்டு பக்க விளிம்புகளும் சமமாக இருக்க வேண்டும். எல்லா ரீடுக்கும் இதே நிலைதான் தொடக்கம்.

லிகேச்சரை (ரீடை மவுத்பீஸோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டை) முதலில் போட்டு, பிறகு ரீடைச் சொருகுங்கள். அப்படிச் செய்தால் நுனி அடிபடாது. கீழ்த் திருகு உறுதியாக, மேல் திருகு ரீடு நகராத அளவுக்கு மட்டும். ஒரு ரீடுக்கு இறுக்கி இன்னொன்றுக்குத் தளர்த்தி ஊதினால், நீங்கள் ஒப்பிட்டது லிகேச்சரை. மவுத்பீஸின் மேலே பல் படும் இடத்தில் ஒட்டும் ரப்பர் பட்டையும் மாறக் கூடாது. அதன் தடிமன் வாயின் திறப்பையும் உங்கள் காதுக்கு எட்டும் ஒலியையும் மாற்றும்.

சோதனையில் என்ன ஊத வேண்டும்?

ஒரு ரீடுக்கு மூன்று நிமிடம் போதும், எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை இருந்தால்.

தொடக்கம் ஓப்பன் ஜி (எந்தத் துளையையும் மூடாமல் வரும் ஜி), நாக்கைப் பயன்படுத்தாமல், வெறும் மூச்சால், கேட்கிறதா இல்லையா என்ற அளவில். காற்று முதலில் வந்து ஒலி பின்னால் வந்தால் நுனி கனம், அல்லது ரீடு சரியாக அமரவில்லை. ஒலி உடனே வந்தால் அதே சுரத்தை எட்டு எண்ணிக்கைக்குப் பெருக்கி, எட்டு எண்ணிக்கைக்குக் குறையுங்கள். உச்சத்தில் ஒலி பரந்து இரைந்தால் ரீடு மென்மை. உச்சத்துக்குப் போகவே மறுத்தால் கடினம்.

அடுத்து கீழ் இ, கீழ் எஃப் சுரங்களில் ஸ்டக்காட்டோ, அதாவது நாக்கால் தட்டி, சுரங்களைக் குறுக்கித் தனித்தனியாக ஊதுவது. ஒவ்வொரு தட்டலும் சுத்தமாகத் தொடங்க வேண்டும், பிசிறு கூடாது. குழல் முழு நீளமும் அதிர வேண்டிய இடம் இது. ரீடின் குறை இங்கே மறைய முடியாது.

பிறகு கீழ் எல்லையின் உச்சியில் வரும் த்ரோட் நோட்டுகள்: ஜி, ஜி ஷார்ப், ஏ, பி ஃபிளாட். இயல்பாகவே மெலிந்த சுரங்கள் இவை. நல்ல ரீடில் இவை மற்றவற்றோடு ஒட்டி நிற்கும், மோசமான ரீடில் தனியாகப் பிரிந்து கேட்கும். அங்கிருந்து நேராகக் கிளாரியன் பி சுரத்துக்குத் தாண்டுங்கள். தாண்டும்போது தடுக்கினால் ரீடின் எதிர்ப்பு சீராக இல்லை.

இனி ரெஜிஸ்டர் கீ, அதாவது கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லைக்குத் தாவவைக்கும் சாவி. கீழ் எஃப் ஊதிக்கொண்டே கீயை அழுத்தினால் கிளாரியன் சி வரும், கீழ் ஜி-யிலிருந்து டி வரும். உதட்டை இறுக்காமல் மேல் சுரம் தானாகத் தாவ வேண்டும். இறுக்கிப் பிடித்தால் மட்டுமே வருகிறது என்றால் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல ரீடுக்கும் சுமாரான ரீடுக்கும் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான் என்பது எங்கள் கருத்து.

கடைசியாக ஆல்டிசிமோ எனப்படும் மிக உயர்ந்த எல்லையின் டி, இ, எஃப், ஜி, மெதுவான ஒலியில். மென்மையான ரீடில் இந்தச் சுரங்கள் தாழும் அல்லது விழுந்துவிடும். முடிவில், நன்றாகப் பழகிய ஓர் எட்டு வரி இசையை வாசியுங்கள். நீண்ட சுரத்தில் அருமையாக இருந்து, வேகப் பகுதியில் காலை வாரும் ரீடுகள் உண்டு.

சுருதி காட்டும் ட்யூனரை அருகில் வைக்கலாம், ஆனால் ஒலி அளவு சமமாக இருக்க வேண்டும். கிளாரினெட் பலத்து ஊதும்போது தாழும், மெதுவாக ஊதும்போது ஏறும். ஒரு ரீடை உரக்கவும் இன்னொன்றை மெல்லவும் ஊதி ட்யூனரைப் பார்த்தால் எண் பொய் சொல்லும்.

ஒரே அமர்வில் எத்தனை ரீடுகளை ஒப்பிடலாம்?

நான்கு. அதற்கு மேல் உதட்டுப் பிடி களைத்துவிடும். களைத்த உதட்டுக்கு மென்மையான ரீடு எல்லாமே நல்லதாகத் தோன்றும். பத்தையும் பார்க்க வேண்டுமானால் மூன்று நாட்களாகப் பிரியுங்கள்.

நீங்கள் நன்கு அறிந்த, இப்போது நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய ரீடை அளவுகோலாக வையுங்கள். அதை ஊதி, புதியது ஒன்றை ஊதி, மறுபடி அளவுகோலை ஊதி, பிறகு அடுத்த புதியதைப் பாருங்கள். காது விரைவில் பழகிக்கொள்ளும்; அளவுகோல் இல்லாவிட்டால் மூன்றாவது ரீடை இரண்டாவதோடு மட்டுமே ஒப்பிடுவீர்கள், அந்த இரண்டாவதே மோசமாக இருந்திருக்கலாம். மறுநாள் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் வந்த ரீடு ஆறின குழலையும் சூடேறாத உதட்டையும் சந்திக்கிறது. அதற்கு அநியாயம் நடக்கக் கூடாது. சோதனைக்கு முன் பத்து நிமிடம் அளவுகோல் ரீடிலேயே ஊதிக் குழலைச் சூடாக்குவதும் இதற்காகத்தான்.

குறிப்பேட்டில் ஐந்து கட்டங்கள் போதும்: எதிர்ப்பு, தொடக்கம், ஒலியின் நிறம், சீர்மை, சுருதி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தத்தைக் கூட்டாதீர்கள். தொடக்கத்தில் 2 வாங்கிய ரீடை, நிறத்தில் வாங்கிய 5 காப்பாற்றாது.

நான் கேட்பதும் எதிரில் இருப்பவர் கேட்பதும் ஒன்றா?

இல்லை. மவுத்பீஸின் அதிர்வு மேல் பல் வழியாக உங்கள் மண்டையோட்டுக்குள் போகிறது. அதனால் ரீடின் இரைச்சல் உங்களுக்கு அதிகமாகக் கேட்கும். வாசிப்பவருக்கு "சரசர" என்று தோன்றும் ரீடு, சில அடி தூரத்தில் தெளிவாகவும் உயிரோடும் ஒலிக்கும். வாசிப்பவருக்கு வட்டமாகவும் இருண்டும் தோன்றுவது தூரத்தில் மங்கிப்போகும்.

பதிவு செய்து கேட்பதே வழி. கருவியிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டரில் மைக்கை வையுங்கள், இடத்தை நகர்த்தாதீர்கள். கைபேசியில் பதிகிறீர்கள் என்றால் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். அது மெல்லியதை உயர்த்தி, பலத்ததைத் தாழ்த்தி வேறுபாட்டையே அழித்துவிடும். பதிவில் ரீடு எண்ணைச் சொல்லாமல், வரிசையைத் தனியே எழுதிவைத்து, மறுநாள் கலைத்துப் போட்டுக் கேளுங்கள். விலை உயர்ந்த பெட்டியின் பெயர் கண்ணில் படாதபோது காது நேர்மையாகிவிடும்.

பக்கச் சமநிலையை எப்படிப் பார்ப்பது?

ஓப்பன் ஜி ஊதிக்கொண்டே கருவியைச் சற்றே திருப்பி, ரீடின் இடது ஓரம் உதட்டில் அழுந்தும்படி செய்யுங்கள். இப்போது வலது பக்கம் மட்டும் பெரும்பாலும் அதிர்கிறது. பிறகு எதிர்ப்பக்கம். எந்தப் பக்கம் தனியாக ஊதும்போது ஒலி அடைபடுகிறதோ, அந்தப் பக்கம் கனம். வாசிக்கும்போது ரீடு உங்களைப் பார்த்திருப்பதால், நுனி மேலே இருக்கும்படி ரீடைக் கையில் பிடித்துப் பார்த்தாலும் இடது இடதாகவே இருக்கும், குழப்பமில்லை.

கத்தியை எடுக்கும் முன் ரீடை மயிரிழை அளவு இடமோ வலமோ நகர்த்திப் பாருங்கள். பல நேரம் இதிலேயே தீரும். தீராவிட்டால் 600 எண் உப்புத்தாளைச் சிறு பட்டையாக மடித்து, கண்ணாடி மேல் வைத்த ரீடின் கனமான பக்கத்தில், ஓரத்துக்கும் நடு மேட்டுக்கும் இடையில், நுனியை நோக்கி மூன்று நான்கு முறை இழுங்கள். ஊதிப் பாருங்கள். மீண்டும் மூன்று முறை. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. எனவே அவசரம் வேண்டாம். 'ஹார்ட்' எனப்படும் நடு மேட்டைத் தொடவே தொடாதீர்கள், ஒலியின் உடல் அங்கேதான் இருக்கிறது.

ரீடு காற்றை விடுகிறது போல இருக்கிறது. எப்படி உறுதி செய்வது?

மவுத்பீஸைக் கழற்றி, ரீடும் லிகேச்சரும் அதிலேயே இருக்க, கீழ்த் துளையை உள்ளங்கையால் அடைத்து, நுனி வழியாகக் காற்றை உறிஞ்சி, வாயிலிருந்து எடுங்கள். ரீடு ஓரிரு நொடி ஒட்டிக்கொண்டு நின்று "பட்" என்று திறந்தால் பொருத்தம் நன்று. ஒட்டவே இல்லையென்றால் தட்டைப் பக்கம் வளைந்திருக்கிறது, அல்லது ரீடு போதுமான அளவு நனையவில்லை.

வளைவு என்றால், கண்ணாடி மேல் 400 அல்லது 600 எண் உப்புத்தாளை விரித்து, தட்டைப் பக்கத்தை அதன் மேல் வைத்து நாரின் திசையில் எட்டு பத்து முறை தேயுங்கள். நுனி தாளைத் தாண்டி வெளியே இருக்கட்டும். அது தேய்ந்தால் ரீடு போயிற்று. எந்த பிராண்டானாலும் எல்லா ரீடும் இந்தச் சோதனையில் தோற்றால் குற்றம் மவுத்பீஸில் இருக்கலாம்.

கடினமான ரீடு, மென்மையான ரீடு இரண்டையும் மீட்க முடியுமா?

கடினத்தைக் குறைப்பது சுலபம். சீவிய பகுதியின் இரண்டு ஓரங்களையும் சமமாக, மேலே சொன்னபடி தேய்த்தால் போதும். மென்மையான ரீடுக்கு நுனி வெட்டி உண்டு: ஒரு முறைக்கு 0.1 அல்லது 0.2 மி.மீ. மட்டும் வெட்டுங்கள். வெட்டிய ரீடின் நுனி தடிப்பதால் தொடக்கம் சற்று மந்தமாகும். பிறகு நுனியை லேசாகத் தேய்க்க வேண்டிவரும். மூன்று நாட்களிலேயே தொய்ந்த ரீடு வெட்டினாலும் நெடுநாள் நிற்காது, அதில் நேரம் செலவிட வேண்டாம்.

கிறீச்சிட்டால் உடனே ரீடைக் கழித்துவிடலாமா?

முதலில் நுனியில் விரிசல் பாருங்கள். பிறகு ரீடு நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் உலர்ந்திருக்கிறதா, விரல் துளையை முழுதாக மூடுகிறதா. இவை எதுவும் இல்லாமல் ஒரே ரீடு மட்டும், ஒரே இடத்தில் கிறீச்சிட்டால் பக்கச் சமநிலைக் கோளாறு.

செயற்கை ரீடை நாணல் ரீடோடு ஒரே முறையில் ஒப்பிடலாமா?

சோதனை வரிசை அதேதான். பழக்கும் நாட்களும் நனைப்பதும் தேவையில்லை. லெஜேர் போன்றவை கால் எண் இடைவெளியில் கிடைப்பதால், அரை எண் வேறுபாட்டில் தவிப்பவர்களுக்கு உதவும். ஆனால் நாணலில் ஊதும் அதே எண்ணைக் கேட்டு வாங்காதீர்கள்; நிறுவனத்தின் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்து, அதற்குப் பக்கத்து எண் ஒன்றையும் சேர்த்துச் சோதியுங்கள். நீண்ட நேரம் ஊதினால் வாயின் சூட்டில் சற்று இளகும். ஆகவே ஐந்து நிமிடத்தில் அல்ல, நாற்பது நிமிட வாசிப்புக்குப் பின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இரண்டு பிராண்டுகளை ஒப்பிட ஒவ்வொன்றிலும் ஒரு ரீடு போதுமா?

போதாது. ஒரு பெட்டிக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு, இரண்டு பிராண்டுகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஒன்றில் நல்லதும் மற்றதில் கெட்டதும் அகப்பட்டால் தீர்ப்பே தலைகீழ். குறைந்தது ஐந்து ஐந்தாக, ஒரே வாரத்தில், ஒரே முறையில் பழக்கிய பிறகு பாருங்கள். எது மிகச் சிறந்த ஒன்றைத் தந்தது என்பதைவிட, எதில் அதிக ரீடுகள் நம்பி வாசிக்கும்படி இருந்தன என்று எண்ணுங்கள். பெட்டியில் மூன்று நான்கு அப்படியே நன்றாகவும், இன்னும் மூன்று நான்கு சிறிது திருத்தினால் தேறுவதாகவும் இருந்தால் அது நல்ல பெட்டி.

நேற்று முதலிடம் பிடித்த ரீடு இன்று சரியில்லை. சோதனை தவறா?

அறையின் ஈரப்பதம் மாறியிருக்கும். குளிர்சாதன அறையில் ரீடு விரைவில் உலரும், நுனி நெளியும், மழைநாளில் கனக்கும். அளவுகோல் ரீடையும் ஊதிப் பாருங்கள். அதுவும் மோசமாக இருந்தால் இன்றைய நாள்தான் மாறியிருக்கிறது. எதையும் தேய்க்காமல் பெட்டியில் வைத்துவிடுங்கள். நல்ல ரீடுகள் பல இப்படிப்பட்ட நாட்களில்தான் உப்புத்தாளுக்குப் பலியாகின்றன.

தேர்ந்தெடுத்த ரீடுகளை எப்படிக் காப்பது, எப்போது கழிப்பது?

நான்கு முதல் ஆறு ரீடுகளைச் சுழற்சியில் வைத்து, ஒன்றை ஒரு நாளைக்கு மேல் தொடர்ந்து வாசிக்காமல் இருங்கள். தட்டையான பரப்புள்ள, மூடும் பெட்டியில், ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பொதியோடு வைத்தால் நுனி நெளிவது குறையும். 60 முதல் 75 சதவீத ஈரப்பதம் நல்ல எல்லை. ஈரத்தோடு காற்றுப் புகாத பெட்டியில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்ட ரீடைக் கழுவி மீண்டும் வாயில் வைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். ஒருவர் வாசித்த ரீடை இன்னொருவருக்குச் சோதிக்கக் கொடுப்பதும் கூடாது.

ஆயுள் முடிவதை ரீடே சொல்லும்: நுனி சாம்பல் நிறமாகிக் கசிந்தது போல் தெரியும், உயர் சுரங்கள் தாழத் தொடங்கும், பலத்து ஊதினால் ஒலி அடைபடும். அளவுகோல் ரீடில் இந்த அறிகுறிகள் தெரியும் முன்பே, புதியவற்றில் சிறந்த ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து இரண்டு வாரம் வாசித்து அடுத்த அளவுகோலாக மாற்றிக்கொள்ளுங்கள்.